துடைக்காத எண்ணெய்

பிப்ரவரி 18, ஞாயிறு

காப்பிக்கொட்டை வியாபாரி கொடுத்த டைரி இது. ஒன்றரை மாதமாக அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு வந்த எரிச்சலை வேறு யாரிடமும் கொட்ட முடியாது என்பதால் எடுத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். அந்த "ம்"முக்குக் காகிதமே மேல்.

ஏற்காட்டில் எங்களுடையது ஐந்து அறை ஹோம்ஸ்டே. அறைகளில் ஒரு விசேஷமும் இல்லை. வருகிறவர்கள் போட்டோ எடுப்பதெல்லாம் புல்வெளியில் கிடக்கும் பன்னிரண்டு தேக்கு நாற்காலிகளையும் இரண்டு பெஞ்சுகளையும்தான். மழை, பனி, வெயில் என்று மாறி மாறி அடிக்கிற இந்த மலையில் அவை பதினைந்து வருஷமாகத் தேன் நிறம் மாறாமல் இருக்கின்றன. பக்கத்து விடுதிக்காரர்களுடைய நாற்காலிகள் இரண்டே வருஷத்தில் சாம்பல் பூத்துப் பல்லிளித்துவிட்டன. எங்களுடையதற்கு வருஷத்தில் இரண்டு தடவை எண்ணெய். மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் ஒன்று, சீசனுக்கு முன்னால் சித்திரையில் ஒன்று. போடுவது அம்சவேணி.

அம்சா அவருடைய தங்கை. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்கு இருபது. மாமியார் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். அம்சா அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு, வந்த ஒன்றிரண்டு வரன்களும் செவ்வாய் தோஷம் என்று போய்விட்டன. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே வீட்டில் மூன்றே பேர். சமையல், அறைகள், தோட்டம் எல்லாம் அவள். கணக்கு வழக்கும் விருந்தாளிகளிடம் சிரிப்பதும் நான். பேப்பர் படிப்பது அவர்.

எரிச்சலுக்கு வருகிறேன். ஆத்தூர் தபால் ஆபீஸிலிருந்து ஆறு பேர் வந்து தங்கினார்கள். அதில் ராஜமாணிக்கம் என்று ஒருவர், ஐம்பது ஐம்பத்திரண்டு இருக்கும். மற்றவர்கள் ஏரிக்குப் படகு விடப் போக, இவர் மட்டும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பக்கம்கூட எண்ணெய் போட்டிருக்குதுங்களே! யாருங்க பண்றது?"

"நாங்கதாங்க, வீட்லயே," என்றேன்.

அந்த நேரம் பார்த்து அம்சா காப்பித் தட்டோடு வந்தாள். அவர் என் கையைப் பார்க்கவில்லை, அவள் நகத்தைப் பார்த்தார். நகக்கண்ணில் எப்போதும் பழுப்புக் கறை இருக்கும். "நீங்கதானுங்களா?" என்றார். இந்த அசடு முகமெல்லாம் சிவந்து போய்த் தலையாட்டியது. அப்புறம் முக்கால் மணி நேரம். கால் இணைப்பில் கறுப்புப் பூத்தால் எப்படி எடுப்பது, எந்த உப்புத்தாள், எண்ணெயை எதற்கு அடியில் போட வேண்டும். அவர் வீட்டில் சும்மா பொழுதுபோக்குக்கு முக்காலி செய்வாராம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

மார்ச் 6, புதன்

அந்தத் தபால் ஆபீஸ் ராஜமாணிக்கம் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். பெண்டாட்டி இறந்து நாலு வருஷம். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவளே அப்பாவைத் தனியாக இருக்க வேண்டாம் என்கிறாளாம். "உங்க தங்கச்சிக்குச் சம்மதம்னா, முறையா வந்து கேக்கறோங்க" என்றாராம்.

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"நாப்பத்தாறு வயசுல கல்யாணமா? ஊரு சிரிக்காதா?" என்றேன்.

"சிரிக்கும்," என்றார். பிறகு, "வீடு இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் வந்தா…" என்று இழுத்தார்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நான் எப்படிச் சொல்றது? கூடப் பிறந்தவ. நீ பாத்துக்கோ."

நீ பாத்துக்கோ. இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷர் எனக்குக் கொடுத்த ஒரே அதிகாரம் இதுதான். கெட்ட பெயர் வருகிற காரியம் என்றால் மட்டும் கொடுப்பார்.

மார்ச் 7, வியாழன்

அவளே வேண்டாம் என்றுவிடுவாள் என்று நினைத்து அம்சாவிடம் சொன்னோம். "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள். பாத்திரம் கழுவும்போது பாடினாள். இவள் பாடுவாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 24, ஞாயிறு

செவ்வாய் தோஷத்தைச் சொல்லிப் பார்த்தேன். நானே ராஜமாணிக்கத்திடம் போனில் பேசினேன், வருத்தமான குரலில். "எங்களுக்கென்னங்க, ஜாதகம் பாக்கற வயசா?" என்று சிரித்துவிட்டார். ஏப்ரல் இருபத்தொன்று, ஞாயிறு, பத்தரை மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர், அவருடைய அக்கா சகுந்தலா, அக்கா வீட்டுக்காரர், இரண்டு சொந்தக்காரப் பெண்கள். அக்கா சொன்னால் அவர் தட்டமாட்டாராம். வைகாசியில் முடித்துவிடலாம் என்கிறார்கள்.

வைகாசி என்றால் சீசன் நடுவில். ஐந்து அறையும் நிரம்பியிருக்கும். யாராவது யோசித்தார்களா? காலையில் பதினைந்து பேருக்கு இட்லி யார் வைப்பது? இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நானா ஏறி இறங்குவது? இதைச் சொன்னால் சுயநலம் என்பார்கள். சொல்லட்டும்.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று வருஷப் பிறப்பு. இன்று நாற்காலி வேலையை ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும்போது புதிது போல இருக்க வேண்டுமாம். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் தேய்ப்பாள். பிறகு இரண்டு நாள் நிழலில் காய்ச்சல். எங்கள் வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தால்கூட இவ்வளவு கவனிப்பு இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று நானும் போய்ப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "நீ போயிட்டா எனக்கு யார் சொல்லித் தருவா? சொல்லு, கத்துக்கறேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

எல்லாம் சொன்னாள். ஆளிவிதையில் எடுக்கிற லின்சீடு எண்ணெய் இரண்டு பங்கு, பெயின்டில் கலக்கிற டர்பன்டைன் ஒரு பங்கு. பழைய பருத்தித் துணியில் தொட்டு மெல்லிசாக. முதலில் அடிப்பக்கம், பிறகு மேல். இருபது நிமிஷம் விட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். மரம் எவ்வளவு குடிக்குமோ குடித்திருக்கும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

"துடைக்கலைன்னா?"

"அய்யோ, அது காயவே காயாது அண்ணி. பிசின் மாதிரி நிக்கும். அதுவும் பனி இருந்தா கேக்கவே வேண்டாம். பாத்தா பளபளன்னு நல்லாத்தான் தெரியும். உக்காந்தாத்தான் தெரியும் சேதி. துணியில பட்டா போகாது."

துடைத்த துணிகளைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்குமாம். அதனால் ஒவ்வொன்றாகக் கம்பியில் விரித்துக் காயப் போட்டாள். எண்ணி எண்ணிப் போட்டாள். நல்ல ஆசிரியை. நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 20, சனி

இரண்டாவது பூச்சு நேற்றே முடிந்தது. இன்று உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பன்னிரண்டும் மினுமினுக்கின்றன. மாலையில் மழை தூறியபோது தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடினாள். கொண்டையில் பூ வைத்திருந்தாள். நாளைக்குத்தானே வருகிறார்கள், இன்றைக்கு எதற்குப் பூ என்று கேட்டேன். "பழகிக்கலாம்னு" என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. சரியான மூடுபனி, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. தோட்டத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்புறம் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன், அந்த டர்பன்டைன் வாடை லேசில் போகிறதா! அம்சா அப்போது தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நானே புடவை கட்டிவிட்டேன். மயில் கழுத்து நிறம், என்னுடையது. மடிப்பு எடுத்து ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றேன்.

பத்தரைக்குக் கார் வந்தது. பனி முழுக்க விலகவில்லை. புல்வெளியிலேயே உட்காரலாம் என்று நான்தான் சொன்னேன். பெண்களுக்கு மூன்று நாற்காலி வட்ட மேஜையை ஒட்டி, ஆண்களுக்குக் கொஞ்சம் தள்ளி. சகுந்தலா அம்மாள் வாடாமல்லி நிறத்தில் அசல் பட்டு உடுத்தியிருந்தார். நல்ல மனுஷிதான், தோற்றத்தில் கொஞ்சம் கண்டிப்பு. அம்சா தட்டோடு வந்தாள், எல்லாருக்கும் கொடுத்தாள். "உக்காரும்மா" என்று அந்த அம்மாள் தன் பக்கத்திலிருந்த பெஞ்சைக் காட்டினார். கேள்விகள் கேட்டார். அம்சா தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். ராஜமாணிக்கம் புல்லைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

பூ வைக்க எழுந்தபோதுதான். பர்ர் என்று ஒரு சத்தம். சகுந்தலா அம்மாள் பாதி எழுந்தார், நாற்காலி கூடவே எழுந்தது. பின்னால் அக்கா வீட்டுக்காரர், "என்னடி அது?" என்றார். அந்த அம்மாள் திரும்பினார். வாடாமல்லிப் பட்டில், பின்பக்கம் முழுக்க, பழுப்பாகக் கறை. ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். மற்ற இரண்டு பெண்களும் அலறியடித்து எழுந்தார்கள், அவர்களுக்கும் அதே கதி. கூட வந்த டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்குப் பின்னால் போய்விட்டான். அந்தச் சிரிப்பு நடந்ததையெல்லாம்விட அதிக வேலை செய்தது.

நான் ஓடிப்போய்த் துண்டு எடுத்து வந்தேன். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க. இந்த வேலையெல்லாம் எங்க அம்சாதான் பாக்கறது. அவசரத்துல துடைக்காம விட்டுட்டா போல. சின்னப் பொண்ணா என்ன, சொல்லித் திருத்த?"

அம்சா வாயைத் திறந்து மூடினாள். "நான் துடைச்சேன்," என்றாள், என்னைப் பார்த்து.

சகுந்தலா அம்மாள் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். முகம் அவமானத்தில் கொதித்தது. "ஒரு நாற்காலியத் துடைக்கத் தெரியல. எந்தம்பி வீட்ட இவ என்னத்தப் பாத்துக்குவா? வாடா போலாம்." வைக்க எடுத்த பூவைத் தட்டிலேயே போட்டார்.

ராஜமாணிக்கம் கடைசியாகத்தான் காரில் ஏறினார். அந்த நாற்காலிப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 22, திங்கள்

முப்பத்து மூன்று இட்லி. அம்சா வைத்த சாம்பாரில் உப்புக் கரித்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்சா சொன்னாள்: "கம்பியில துணி எல்லாம் காஞ்சுதான் கெடக்குது அண்ணி. எண்ணிப் பாத்தேன். வெள்ளிக்கிழமை போட்டது அப்படியே இருக்குது. நான் எப்ப மறுபடி எண்ணெய் போட்டேன்?"

"பனியில இளகியிருக்கும். நீதான சொன்ன, பனி இருந்தா கேக்கவே வேண்டாம்னு?"

கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தாள். "ஆமா, சொன்னேன்," என்றாள். அவளுக்குத் தன் வேலை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானம் அந்த மூன்று நாற்காலிகளையும் டர்பன்டைன் விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனி எல்லாம் தோல் உரிந்திருக்கிறது. களிம்பு கொடுத்தேன். என்னையும் ராட்சசி என்று எழுதிவிட முடியாது.

ஏப்ரல் 28, ஞாயிறு

அம்சாவைக் காலை பஸ்ஸில் சேலத்துக்கு அனுப்பியிருந்தேன், சீசனுக்குப் போர்வை எடுத்துவர. ராஜமாணிக்கம் முன்னாடியே போன் செய்துவிட்டுத்தான் வந்தார். தனியாக. இவர் பேப்பரோடு வராந்தாவில் இருந்தார். நான் வாசலிலேயே நின்று பேசினேன்.

"அக்கா பேசினது தப்புங்க. அத விடுங்க. அன்னைக்கு நான் அந்த நாற்காலிய அடியில தடவிப் பாத்தேன். அடியில காஞ்சிருந்துச்சு, மேல மட்டும்தான் ஈரம். அவங்க போட்டிருந்தா அடியிலயும் போட்டிருப்பாங்க. அவங்க பாதி வேலை செய்யற ஆள் இல்லீங்க."

"அதுக்கு?" என்றேன்.

"யாரு பண்ணாங்கன்னு கேக்க வரலீங்க. அது எனக்கு வேண்டாம். அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எத்தனை சுலபமாக இருந்தது! யோசிக்கக்கூட இல்லை.

"அவளே வேண்டாம்னு சொல்லிட்டாளுங்க. அன்னைக்குப் பட்ட அவமானம் போதும், இனிமே அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டா. உங்களப் பாக்கப் பிடிக்காமத்தான் சேலம் போயிட்டா."

"அவங்களேவா சொன்னாங்க?"

"அவ வாயாலயே."

வராந்தாவில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "அண்ணன் நீங்க சொல்லுங்க" என்று கேட்கிற பார்வை. இவர் தலையைத் தூக்கவில்லை. ராஜமாணிக்கம் காப்பி வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். போகும்போது அம்சா சுரண்டி வைத்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

அம்சா நாலு மணிக்கு வந்தாள், பத்துப் போர்வையைத் தலையில் சுமந்துகொண்டு. பேரம் பேசி நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறாள். ராஜமாணிக்கம் வந்து போனதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு

எல்லா அறையும் நிரம்பி வழிகிறது. உட்கார நேரமில்லை. நடுவில், "அவங்க வீட்ல இருந்து ஏதாவது போன் வந்துச்சா அண்ணி?" என்று கேட்டாள். "அதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன?" என்றேன். "இல்ல, பட்டுக்கு ஏதாவது கேட்டாங்களோன்னு" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வெந்நீர் கொண்டு போனாள்.

மே 30, வியாழன்

இத்தனை வருஷத்தில் இதுதான் சிறந்த சீசன். ஒரு விருந்தாளி நாற்காலிகளைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டு, அதைப் பார்த்தே மூன்று குடும்பம் வந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

மழை. அம்சா பாடுவதில்லை. எனக்கு என்ன, நிம்மதி.

ஜனவரி 9, வியாழன்

இந்த வருஷம் வியாபாரி டைரி கொடுக்கவில்லை. பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

மார்கழி எண்ணெய் வேலை நடக்கிறது. பதினொரு மணிக்கு எங்கள் ஊர்த் தபால்காரர் வந்தபோது அம்சா புல்வெளியில் இருந்தாள். வழக்கமாகக் கடிதம் என்னிடம்தான் வரும். இன்று கேட்டிலேயே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மஞ்சள் தடவிய கவர். அவள் அதை உடனே பிரிக்கவில்லை. எண்ணெய் போட்டிருந்த நாற்காலியை முதலில் துடைத்து முடித்தாள், கை கழுவினாள், பிறகுதான் படித்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தாள். இவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அண்ணி, அன்னைக்கப்புறம் அவரு இங்க வந்தாரா?"

"யாரு?"

"ஆத்தூர்க்காரரு."

"இல்லையே. அவன் எதுக்கு வரான்?"

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. ஒரு தடவைகூட வரலையா?"

"வரலைன்னா வரல. எத்தன தடவ கேப்ப?"

இவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ சொல்லு."

"அதான் உங்கண்ணி சொல்றாளே," என்றார் இவர்.

அம்சா கவரிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். தை மாதம் பத்தாம் தேதி. பெண்ணுக்கு ஊர் தம்மம்பட்டி. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்ததை வாசித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிப்பதைப் போல, ஏற்ற இறக்கமே இல்லாமல். "அம்சவேணி அவர்களுக்கு. உங்கள் முடிவை உங்கள் அண்ணி ஏப்ரல் மாதம் நான் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்கள். வருத்தம்தான், கோபம் இல்லை. அந்த எண்ணெய் நீங்கள் போட்டது இல்லை என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்லவே வந்தேன். நல்லா இருங்கள்."

முதலில் பேசியது இவர்தான். "நான் அப்பவே சொன்னேன் பாப்பா, இதெல்லாம் வேண்டாம்னு. உங்கண்ணிதான் கேக்கல."

கட்டிய புருஷன். பேப்பர் புரட்டிய கை. ஒரு நிமிஷம் அந்தக் கீரையை அப்படியே அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? கல்யாணம் இன்னும் நடக்கலையே. போன் பண்ணிச் சொல்லேன், எங்கண்ணி பொய் சொல்லிட்டான்னு. போ!"

"இதுல பேரு போட்டிருக்கற பொண்ணு என்ன பாவம் அண்ணி பண்ணுச்சு?"

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் எனக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள், கீரைக் கட்டுக்கு அந்தப் பக்கம்.

"ஏன் அண்ணி?"

அப்போது என் வாயில் வந்தது உண்மைதான். அதற்கு வேறு பெயர் வைக்க இந்த டைரி முழுக்க முயற்சி செய்திருக்கிறேன். "நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்? இந்த மனுஷனோட இந்த மலையில எனக்கு யாரு இருக்கா? யாரு எனக்குச் செய்வா?"

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆய்ந்தாள்.

"இதக் கேட்டிருந்தா நானே போகாம இருந்திருப்பேனே."

எழுந்து போனாள். மிச்சமிருந்த ஐந்து நாற்காலிக்கும் எண்ணெய் போட்டாள். ஒவ்வொன்றையும் துடைத்தாள்.

ஜனவரி 10, வெள்ளி

நம்பவில்லை. வாயால் சொல்வது சுலபம். பூ வைத்துப் பழகியவள், பாடியவள், நான் ஒரு வார்த்தை கேட்டதும் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருப்பாளாம். யாரிடம் கதை?

ஜனவரி 11, சனி

வைத்திருப்பாள். அம்மா கேட்டதற்காக ஒன்பது வருஷம் இருந்தவள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் கேட்கவில்லை. கேட்டால் நான் கடன்பட்டவளாகிவிடுவேன். அவளிடம் போய்க் கையேந்துவதற்குப் பதில் அவளை நாலு பேர் முன்னால் நாறடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

போய்விடுவாள் என்று பயந்துகொண்டே இருக்கிறேன். காலையில் அடுப்படியில் சத்தம் கேட்கும்வரை படுக்கையை விட்டு எழுவதில்லை. தினமும் கேட்கிறது.

இன்று மளிகைச் சீட்டோடு வந்து நின்றாள். "உளுந்து தீந்துடுச்சுங்க மேடம்," என்றாள்.

அறை கூட்ட வாரத்துக்கு இரண்டு நாள் வரும் பெண் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். தவறிச் சொன்னாளோ என்று பார்த்தேன். "என்னடி, மேடம்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. "அஞ்சு கிலோ போதுங்களா?" என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கினாள். எங்கள் இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். "நீயும் உக்காரு" என்றேன். "நான் அப்பறமா சாப்புட்டுக்கறேங்க மேடம்." இவர் தலை குனிந்து சாப்பிட்டார். இவரைக்கூட "அண்ணா" என்று சொல்லவில்லை. "சார், இன்னும் கொஞ்சம்?"

ஜனவரி 23, வியாழன்

ஆத்தூரில் முகூர்த்தம். காலை ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் அம்சா மேல்மாடி அறையில் மெத்தை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஏறிப் போனேன், முழங்கால் வலியோடு. வாசலில் நின்று, "அம்சா, என்னைத் திட்டேன்" என்றேன். நிஜமாகக் கெஞ்சினேன். அவள் உறையின் நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள். "பாத்துங்க மேடம், தரை ஈரமா இருக்குது" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சென்னையிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்திருக்கிறார்கள். காலையில் புல்வெளியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நானும் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்த அம்மாள் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். எத்தனை அழகாக வைத்திருக்கிறீர்கள் என்றார். அம்சா காலி டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"இவங்க உங்களுக்குச் சொந்தமா? முகம் உங்க வீட்டுக்காரர் சாயல்ல இருக்கே," என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "என் நாத்தனார்" என்று சொல்லத்தான்.

"இல்லீங்க," என்றாள் அம்சா. "நான் இங்க வேலை செய்யறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த அம்மாள் அவள் போகிற திசையைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள் கிடைக்கறது கஷ்டம். விட்டுடாதீங்க."

விடமாட்டேன் என்றேன்.